கைக்கெட்டும் கருவிகள்: பாடசாலை ஆய்வுகூடத்துக்கு மலிவான மைக்ரோகொன்ட்ரோலரைத் தெரிவு செய்தல்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு நிகழ்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவிலே பேசுகிறவர்கள் கல்லூரியின் பெருமையைச் சொல்வார்கள், பண்பாட்டைச் சொல்வார்கள். என்னிடம் விழாக்குழுவினர் கேட்டது வேறு. “எங்கள் ஆய்வுகூடத்துக்கு ஏதாவது செய்ய விரும்புகிறோம். குறைந்த செலவில் கருவிகளை நாங்களே செய்யலாம் என்கிறார்கள். அதற்குள்ளே வைக்கும் அந்தச் சிறிய மூளையில் எதை வாங்குவது?” என்று கேட்டார்கள். பல்கலைக்கழக ஆய்வுகூடம் ஒன்றில் கருவிகளோடு காலம் கழிப்பவள் என்பதால், எனக்குத் தெரிந்ததை இங்கே சொல்கிறேன். விஞ்ஞானம் படிக்காத அக்காமாரும் பயப்பட வேண்டாம். கடைசியில் காசு கொடுக்கப் போகிறவர்கள் நீங்கள்தான். ஆகையால் உங்களுக்கும் விளங்க வேண்டும்.

முதலில் அந்தப் பொருள் என்ன என்று பார்ப்போம். மைக்ரோகொன்ட்ரோலர் என்பது ஒரு விரல் நகத்தின் அளவுள்ள சில்லுக்குள் அடங்கிய முழுக் கணினி. கணக்குப் போடும் பகுதி, நினைவகம், வெளியே உள்ள வயர்களைத் தொட்டுப் பார்க்கும் கால்கள், எல்லாம் ஒன்றாக அதற்குள் இருக்கின்றன. உங்கள் வீட்டு உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்திலும் மைக்ரோவேவ் அடுப்பிலும் இது இருக்கிறது. அதற்கு நாம் ஒரு செய்நிரலை எழுதிக் கொடுத்தால், அதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கும். “இந்தக் காலில் எத்தனை வோல்ற்று இருக்கிறது என்று பார். அரை நிமிடத்துக்கு ஒருதரம் எழுதி வை” என்றால் அதுவே ஒரு வெப்பநிலைப் பதிவுக் கருவி ஆகிவிடும்.

இதைப் பாடசாலைப் பக்கம் கொண்டுவந்ததில் பெரிய பங்கு ஆர்டுயினோவுக்கு உண்டு. 2005இல் இத்தாலியின் இவ்ரேயா என்ற ஊரிலே, வடிவமைப்புப் படித்த மாணவர்களுக்காக அது தொடங்கியது. பொறியியலாளர் அல்லாதவர்களும் பாவிக்க வேண்டும், விலையும் குறைவாக இருக்க வேண்டும் என்பதே நோக்கம். அதன் வரைபடத்தை எல்லோருக்கும் திறந்து விட்டார்கள். பெயரைப் பாவிக்காமல் யாரும் அதே பலகையைச் செய்து விற்கலாம். இன்று கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் நீங்கள் வாங்கக்கூடிய மலிவான பலகைகள் பலவும் அந்த வழியில் வந்தவைதான்.

இனி, எதை வாங்குவது என்ற கேள்விக்கு வருவோம். கடைக்குப் போனால் அல்லது இணையத்தில் பார்த்தால் தலை சுற்றும். இது 16 மெகாஹேட்ஸ், அது 240 மெகாஹேட்ஸ். இது 10 பிட், அது 12 பிட். இதற்கு வைஃபை உண்டு, அதற்கு இல்லை. கூடிய எண் உள்ளதை வாங்குவோம் என்று மனம் சொல்லும். அப்படி வாங்காதீர்கள். முதலில் எந்தப் பரிசோதனை, அதிலே எதை அளக்கப் போகிறோம், எவ்வளவு நுட்பமாக அளக்க வேண்டும் என்று கடதாசியில் எழுதுங்கள். பிறகு, பழுதானால் யார் திருத்துவார்கள் என்று எழுதுங்கள். இந்த இரண்டுக்கும் விடை எழுதியபின் பார்த்தால் பட்டியலிலே மிஞ்சுவது மிகச் சிலதான். உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குப் பழக்கமான மூன்று வேலைகளை எடுத்துக் காட்டுகிறேன்.

முதலாவது எளிய ஊசல். ஒரு மீற்றர் நீளமான ஊசலின் அலைவு காலம் ஏறத்தாழ 2 செக்கன். நாங்கள் 20 அலைவுகளை எண்ணி, 40 செக்கன் என்று நிறுத்தற் கடிகாரத்தில் எடுப்போம். கை அழுத்துவதில் 0.2 செக்கன் முன்பின் போனால் அது 40இல் 0.5 சதவீதம். ஈர்ப்பு ஆர்முடுகலைக் காணும்போது அலைவு காலத்தை வர்க்கிக்கிறோம் அல்லவா? ஆகவே விடையில் ஒரு சதவீதப் பிழை வரும். இதை ஆர்டுயினோ ஊனோவில் செய்தால் அது 4 மைக்ரோசெக்கன் வரை எண்ணிக் காட்டும். அடேயப்பா என்று தோன்றும். ஆனால் ஊனோ பலகையின் பிரதான சில்லுக்கு நேரம் சொல்வது குவாட்ஸ் பளிங்கு அன்று, செரமிக் அதிர்வி. அதன் பிழை 0.5 சதவீதம் வரை இருக்கலாம். அப்படியானால் ஈர்ப்பு ஆர்முடுகலில் திரும்பவும் ஒரு சதவீதம்! கையால் அழுத்துவதில் வரும் பிழை கூடியும் குறைந்தும் வரும், பலதரம் செய்து சராசரி எடுத்தால் சுருங்கும். கடிகாரமே பிந்தி ஓடினால் நூறுதரம் செய்தாலும் அந்தப் பிழை அப்படியே நிற்கும்.

தங்கைமாரே, இதைக் கவனியுங்கள். நுண்மையாகக் காட்டுவது வேறு, சரியாகக் காட்டுவது வேறு. பெட்டியில் எழுதியிருக்கும் எண்கள் முதலாவதைத்தான் சொல்கின்றன. இரண்டாவதை நாங்கள்தான் சோதித்துப் பார்க்க வேண்டும். சோதிப்பதும் கடினமில்லை. பலகையை ஒரு மணித்தியாலம் எண்ண விட்டு, கைத்தொலைபேசியின் கடிகாரத்தோடு ஒப்பிடுங்கள். 0.5 சதவீதப் பிழை என்றால் 3600 செக்கனில் 18 செக்கன் வித்தியாசம் தெரியும். அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு திருத்தினால் போதும். அல்லது பளிங்கு உள்ள பலகையை வாங்கலாம். றாஸ்பெரி பை பிக்கோ என்ற பலகையில் பளிங்கு இருக்கிறது. அதன் பிழை பத்து இலட்சத்தில் சில பத்துகள் அளவுதான்.

ஊசலுக்கு இத்தனை பாடு தேவையா என்று கேட்டால், ஊசலுக்கு நிறுத்தற் கடிகாரமே போதும். ஒரு குண்டு 20 சென்ரிமீற்றர் விழுவதற்கு எடுக்கும் நேரத்தைக் கையால் அளக்க முடியுமா? அது ஏறத்தாழ 0.2 செக்கன். கை அழுத்துவதற்குள் குண்டு நிலத்தில் கிடக்கும். அங்கேதான் ஒளிக்கதவும் மைக்ரோகொன்ட்ரோலரும் உண்மையாகவே வேண்டும். கருவி செய்ய வேண்டிய இடம் எது, செய்யத் தேவையில்லாத இடம் எது என்று தெரிந்துகொள்வதும் தெரிவின் ஒரு பகுதிதான்.

இரண்டாவது நியூட்டனின் குளிரல் விதி. சுடுநீர் ஆறுவதை அரை நிமிடத்துக்கு ஒருதரம் பதிய வேண்டும். இது மெதுவான வேலை. இதற்கு இருப்பவற்றில் மிகச் சிறிய சில்லும் போதும். இங்கே வேலை செய்வது உணரிதான். டிஎஸ் 18பி20 என்ற உணரி எஃகுக் குழாய்க்குள் அடைத்து, நீரில் போடக்கூடியதாகக் கிடைக்கிறது. அது 0.0625 பாகை வரை காட்டும். ஆனால் உற்பத்தியாளர் உறுதி சொல்வது 0.5 பாகைக்குள் என்றுதான். குளிரல் விதியில் நமக்கு வேண்டியது நீருக்கும் சூழலுக்கும் இடையிலான வித்தியாசம். ஒரே உணரியால் இரண்டையும் அளந்தால் அதன் நிலையான பிழை கழிபட்டுப் போய்விடும். ஆகவே இந்த மலிவான உணரி இந்தப் பரிசோதனைக்குத் தாராளமாகப் போதும். கலக்கிக்கொண்டிருக்க மட்டும் மறக்கக்கூடாது. எஃகுக் குழாய் சூடாவதற்கும் ஆறுவதற்கும் சிறிது நேரம் எடுக்கும்.

மூன்றாவது இரசாயனவியலுக்கு உரியது, நிறமானி. பொட்டாசியம் பரமங்கனேற்றின் ஊதா நிறம் எவ்வளவு கடுமை என்று பார்த்து அதன் செறிவைக் கண்டுபிடிப்பது. அந்தக் கரைசல் பச்சை ஒளியை, 525 நனோமீற்றர் அளவில், நன்றாக உறிஞ்சும். சில ரூபாக்களுக்குக் கிடைக்கும் பச்சை எல்.ஈ.டி. ஒன்று ஏறத்தாழ அதே ஒளியைத்தான் தருகிறது. ஒரு பக்கம் எல்.ஈ.டி., நடுவில் கரைசல், மறுபக்கம் ஒளியிருவாயி, சுற்றிவரக் கறுத்த மட்டைப்பெட்டி. அவ்வளவுதான் கருவி.

இங்கேதான் பிட் கணக்கு முக்கியமாகிறது. ஊனோவின் 10 பிட் என்பது 1024 படிகள். வெறும் நீர் வைத்தால் 1000 படி ஒளி வருகிறது என்று வைப்போம். உறிஞ்சல் 1 ஆனால் பத்தில் ஒரு பங்கு ஒளிதான் வரும், 100 படி. உறிஞ்சல் 2 ஆனால் 10 படி. பத்திலே ஒரு படி கூடினாலோ குறைந்தாலோ பத்து சதவீதப் பிழை. ஆகவே அடர்ந்த கரைசல்களுக்கு இந்தக் கருவி பொய் சொல்லத் தொடங்கும். “அப்படியானால் 12 பிட் உள்ள பிக்கோவை வாங்குவோம்” என்பீர்கள். பிக்கோவின் ஆர்பி 2040 சில்லுக்குத் தயாரிப்பாளரே கொடுத்த விவரக்கொத்தைப் படித்தால், 12 பிட்டிலே நம்பக்கூடியது சுமார் 9 பிட்தான் என்று இருக்கும். இஎஸ்பி 32 சில்லிலும் 12 பிட் என்று எழுதியிருக்கும். ஆனால் அளவின் இரண்டு அந்தங்களிலும் அது நேர்கோட்டில் நடப்பதில்லை. இதற்கு நல்ல வழி, அளக்கும் வேலையை மைக்ரோகொன்ட்ரோலரிடம் கொடுக்காமல் அதற்கென்றே உள்ள தனிச் சில்லிடம் கொடுப்பது. ஏடிஎஸ் 1115 என்ற சிறு பலகை 16 பிட் வரை அளக்கும். செக்கனுக்கு 860 தரம் வரைதான் அளக்கும் என்றாலும் நிறமானிக்கு அது எவ்வளவோ அதிகம். அதேபோல நிறை அளக்க எச்எக்ஸ் 711 என்ற 24 பிட் சில்லு உண்டு. வளையும் உலோகக் கட்டை ஒன்றை அதனோடு இணைத்தால் தராசு ஆகிவிடும்.

இதிலே ஒரு பெரிய ஆறுதல் இருக்கிறது. அளவின் தரத்தை உணரியும் தனிச் சில்லும் தீர்மானிக்கின்றன என்றால், மைக்ரோகொன்ட்ரோலர் எதுவாக இருந்தாலும் பெரிதாகக் கவலைப்படத் தேவையில்லை. அது ஒரு நல்ல எழுதுவினைஞராக இருந்தால் போதும். எழுதுவினைஞரை எப்படித் தெரிவு செய்வோம்? எளிதாகப் பழகக்கூடியவரா, நம்பகமானவரா, ஒருவர் போனால் இன்னொருவர் கிடைப்பாரா என்று பார்ப்போம்.

அந்த அளவுகோலை வைத்து நான்கு பேரைப் பார்ப்போம்.

ஆர்டுயினோ ஊனோ. 16 மெகாஹேட்ஸ், 2 கிலோபைட் நினைவகம். இன்றைய கணக்கில் கிழவி. ஆனால் உரமான கிழவி. 5 வோல்ற்றில் வேலை செய்வதால் பழைய உணரிகள் எல்லாவற்றோடும் ஒத்துப்போகும். சில ஊனோ பலகைகளில் 28 கால்கள் கொண்ட நீளமான சில்லு ஒரு தாங்கியில் செருகப்பட்டிருக்கும். எரிந்து போனால் அதை மட்டும் நெம்பி எடுத்து, ஆர்டுயினோவுக்கு ஏற்ற தொடக்கநிரல் பதிந்த புதிய சில்லைச் செருகலாம். பாடசாலைக்கு இது பெரிய நன்மை. வாங்கும்போது தாங்கி உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள்.

றாஸ்பெரி பை பிக்கோ. 2021 ஜனவரியில் 4 டொலர் விலைக்கு வந்தது. 264 கிலோபைட் நினைவகம், இரண்டு மூளைகள். யூஎஸ்பி வயரில் கொழுவினால் ஒரு பென்டிரைவ் போலக் கணினியில் தோன்றும், கோப்பை இழுத்துப் போட்டால் சரி. செய்நிரல் எவ்வளவு குழம்பினாலும் பொத்தான் ஒன்றை அழுத்திக்கொண்டு திரும்பக் கொழுவினால் முதல் நிலைக்கு வந்துவிடும், ஏனென்றால் அந்தத் தொடக்கப் பகுதியை யாராலும் அழிக்க முடியாது. இன்னொன்று, இதற்கு மைக்ரோபைத்தன் மொழியில் எழுதலாம். எங்கள் பிள்ளைகள் உயர்தரத் தகவல் தொழினுட்பப் பாடத்தில் படிப்பதும் பைத்தன்தான். வகுப்பில் படித்த மொழியிலேயே ஒரு கருவி பேசுகிறது என்றால் அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு சந்தோசம்! குறை என்னவென்றால் இது 3.3 வோல்ற்றுக்காரி. 5 வோல்ற்றை நேராகக் கொடுத்தால் தாங்கமாட்டாள். உதாரணமாக, தூரம் அளக்கும் மலிவான மீயொலி உணரிகள் பல 5 வோல்ற்றில் பதில் சொல்லும். அதை இரண்டு தடையிகளால் பிரித்துக் குறைத்துத்தான் கொடுக்க வேண்டும்.

இஎஸ்பி 32. சீனாவின் ஷங்ஹாய் நகரத்து நிறுவனம் ஒன்றின் சில்லு. வைஃபை உண்டு. இணையம் இல்லாத வகுப்பறையிலும் அது தானே ஒரு வைஃபை வலையை உண்டாக்கி, ஆசிரியையின் தொலைபேசியில் வரைபைக் காட்டும். கம்பியில்லாமல் அனுப்ப வேண்டிய வேலைக்கு, உதாரணமாகக் கிணற்றின் நீர்மட்டத்தைப் பார்ப்பதற்கு, இதைத் தெரிவு செய்யலாம். ஆனால் வைஃபை ஓடும்போது அதன் அளக்கும் கால்களில் ஒரு தொகுதி வேலை செய்யாது. மின்னும் கூடுதலாகக் குடிக்கும். மேசையில் வைத்துச் செய்யும் பரிசோதனைக்கு இது தேவையில்லை.

நான்காவது, மிக மலிவான வகை. சிஎச் 32வி003 என்ற சில்லு மொத்தமாக வாங்கினால் ஒன்று பத்து அமெரிக்கச் சதம் அளவுக்குக் கிடைக்கிறது. பத்துச் சதத்துக்கு முழுக் கணினி! கேட்க ஆசையாக இருக்கும். அதற்குச் செய்நிரல் ஏற்றத் தனியான சாதனம் வேண்டும், நுணுக்கமாகச் சோல்டர் செய்ய வேண்டும், சந்தேகம் வந்தால் பார்க்க எடுத்துக்காட்டுகளும் குறைவு. இலட்சக்கணக்கில் விளையாட்டுப் பொருள் செய்யும் தொழிற்சாலைக்கு அது இலாபம். இருபது கருவி செய்யும் பாடசாலைக்கு, அந்த ஆசிரியையின் பின்னேரங்களை எல்லாம் தின்றுவிடும். ஒரு நிறமானிக்கு ஆகும் செலவில் பெட்டி, முனைகள், வயர், தனிச் சில்லு, ஒளியிருவாயி எல்லாம் சேர்ந்துதான் பெரும்பங்கு. அங்கே மூளையில் மூன்று டொலர் மிச்சம் பிடித்து என்ன காண்போம்?

எங்கள் கல்லூரிக்கு ஒன்றைத்தான் சொல் என்றால், உயர்தர வகுப்புகளுக்குப் பிக்கோவும் அதனோடு ஏடிஎஸ் 1115உம் என்று சொல்வேன். ஒவ்வொரு உள்ளீட்டிலும் ஒரு தடையியைத் தொடராக இட்டு, பெட்டிக்குள் அடைத்து, வெளியே நல்ல முனைகளைப் பொருத்தினால் பிள்ளைகளின் கைக்குத் தாங்கும். தரம் 9, 10 பிள்ளைகள் பழகுவதற்குத் தாங்கியுள்ள ஊனோ. இந்த இரண்டுக்கு மேலே வாங்காதீர்கள். எது என்பதைவிட, ஒன்றைத் தெரிந்து பத்து வருடம் அதனோடேயே இருப்பது முக்கியம். அப்போதுதான் அக்கா எழுதிய செய்நிரல் தங்கைக்கு உதவும், ஒரு கருவி பழுதானால் இன்னொன்றின் பலகையைக் கழற்றிப் போடலாம்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. போலிகள் உண்டு. டிஎஸ் 18பி20 உணரிகளில் போலி மிக அதிகம். ஏடிஎஸ் 1115 என்று சொல்லி அதன் 12 பிட் தங்கையை விற்பவர்களும் இருக்கிறார்கள். இதற்காகப் பயப்படத் தேவையில்லை, சோதித்தால் போதும். வெப்பநிலை உணரியை உருகும் பனிக்கட்டியில் வையுங்கள், பூச்சியத்துக்குக் கிட்ட வருகிறதா பாருங்கள். பத்து உணரிகளை ஒரே வாளி நீரில் போடுங்கள், எது விலகி நிற்கிறது என்று தெரிந்துவிடும். அளக்கும் சில்லை ஒரு நல்ல மல்ரிமீற்றரோடு ஒப்பிடுங்கள். இதைப் பிள்ளைகளே செய்யட்டும். அதைவிட நல்ல பௌதிகவியல் பாடம் கிடையாது.

இன்னொன்றை உறுதியாகச் சொல்கிறேன். 230 வோல்ற்று மின்சாரத்தைத் தொடும் எதையும் வீட்டில் செய்து பாடசாலைக்கு அனுப்பாதீர்கள். நாங்கள் செய்யும் கருவிகள் எல்லாம் யூஎஸ்பியின் 5 வோல்ற்றோடு நிற்கட்டும். சூடாக்க வேண்டுமானால் கடையில் வாங்கிய கேத்தில் இருக்கிறது. மின்சாரம் நின்றாலும் தொலைபேசிக்குப் பாவிக்கும் பவர்பாங்கில் இவை ஓடும். ஆனால் சில பவர்பாங்குகள், எடுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு என்று கண்டால் தாமாகவே நின்றுவிடும். நீண்ட பதிவு தொடங்குமுன் அதைப் பரீட்சித்துப் பாருங்கள்.

இது வெறும் விளையாட்டுக் கருவி என்று யாராவது நினைத்தால், உலகத்தில் நடந்தவற்றைச் சொல்கிறேன். புதுடெல்லியில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான ஆர்முடுக்கி மையத்தின் பீனிக்ஸ் திட்டத்தில், எக்ஸ்ப்ஐஸ் என்ற கையடக்கப் பெட்டியை உருவாக்கினார்கள். ஒரு மைக்ரோகொன்ட்ரோலரைச் சுற்றிக் கட்டிய அந்தப் பெட்டி அலைகாட்டியாகவும் அலை உண்டாக்கியாகவும் வேலை செய்து, பாடசாலை, கல்லூரிப் பௌதிகப் பரிசோதனைகள் பலவற்றுக்குப் போதுமாக இருக்கிறது. அமெரிக்காவில் 2011இல் வெளியான சீப்ஸ்ராட் என்ற மின்னிரசாயனக் கருவியின் செலவு 80 டொலருக்குள். கடையில் அந்த வகைக் கருவிக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டும். இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தினர் முன்னின்று செய்த ஓப்பன்ஃபிளெக்சர் நுணுக்குக்காட்டியைத் தன்சானியாவிலேயே அச்சிட்டுச் செய்கிறார்கள். அதை மலேரியா ஆராய்ச்சிக்கும் பாவித்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் வரைபடம் திறந்திருக்கிறது. எடுத்துச் செய்ய யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.

நாங்கள் கூட இதற்குப் புதியவர்கள் அல்லர். 1990க்குப் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாமல், பற்றரி கொண்டுவரவும் தடை இருந்த காலத்தை இந்த மண்டபத்தில் பாதிப்பேர் அறிவீர்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட ஊர் இது. ஜாம் போத்தலில் விளக்குச் செய்து, சிறிதளவு மண்ணெண்ணெயில் பரீட்சைக்குப் படித்த பிள்ளைகள் நாங்கள். பிறகு 2022ஐயும் கண்டோம். இருநூறு ரூபாவாக இருந்த டொலர் சில வாரங்களில் முந்நூற்றறுபது ஆயிற்று. வெளிநாட்டுக் கருவியை நம்பியிருக்கும் ஆய்வுகூடத்துக்கு அது என்ன அர்த்தம் என்று அன்றைக்கு விளங்கியது. எங்களுக்குக் கைவேலை தெரியும். இல்லாமையால் செய்ததை இனி விருப்பத்தோடு செய்யலாம் என்பதுதான் வித்தியாசம்.

இப்போது வெளிநாட்டில் வாழும் தோழியருக்கு ஒரு வார்த்தை. உங்கள் அன்பை அறிவோம். லண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் இராப்போசன விருந்து வைத்துச் சேர்க்கும் காசு எப்படிச் சேர்கிறது என்பதும் தெரியும். அந்தக் காசில் பெரிய கணினிக் கருவி ஒன்றை வாங்கி அனுப்பி, அது இரண்டு வருடத்தில் அனுமதி காலாவதியாகி அலுமாரிக்குள் உறங்குவதைப் பல இடங்களில் கண்டிருக்கிறேன். அப்படிப்பட்ட கருவிக்குப் பக்கத்தில் பிள்ளைகளை விடவும் ஆசிரியைக்குப் பயம். “கை வைக்காதேங்கோ பிள்ளையள், பழுதாப் போடும்” என்பார். அவரிலும் பிழை இல்லை. பழுதானால் கடிதம் எழுதிப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானே. நாலு பிள்ளைகள் சுற்றி நிற்க, ஒருத்தி வாசிப்பு எடுக்க, மற்ற மூவரும் அதைப் பார்த்து எழுதுவதுதான் பல ஆய்வுகூடங்களில் செய்முறை.

மலிவான கருவியின் உண்மையான பெறுமதி அங்கேதான் இருக்கிறது. அது உடையலாம். உடைந்தால் யாரும் அழ வேண்டியதில்லை. மூடியைத் திறந்து, ஏன் உடைந்தது என்று பார்த்து, பிள்ளையே திருத்தலாம். இரண்டு பேருக்கு ஒரு கருவி கொடுக்கலாம். ஒரு பெண்பிள்ளை சோல்டர் கோலைக் கையில் பிடித்து, தான் செய்த பெட்டி காட்டும் எண்ணை நம்பலாமா என்று தானே கேள்வி கேட்கத் தொடங்கினால், அவள் எந்தத் துறைக்குப் போனாலும் அந்தக் கேள்வி அவளோடு போகும்.

ஆகவே உங்களிடம் சில வேண்டுகோள்கள். எதையும் அனுப்புமுன் பாடசாலை ஆசிரியையிடம் “எந்தப் பரிசோதனைக்கு?” என்று கேளுங்கள். இருபது விதமான பலகைகள் வேண்டாம். ஒரே வகையில் இருபது, அதற்கு மேலதிகமாக ஐந்து அனுப்புங்கள். முடிந்தவரை இங்கேயே வாங்கக் காசு கொடுங்கள். அடுத்த கிழமை யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ திரும்ப வாங்க முடியாத பொருளை நம்பி ஒரு கருவியைச் செய்யக்கூடாது. ஆய்வுகூட உதவியாளர் மேலதிகமாக நிற்கும் நேரத்துக்கு ஒரு தொகை ஒதுக்குங்கள். அது விழாப் படத்தில் தெரியாது, ஆனால் கருவிகள் உயிரோடு இருப்பது அதனால்தான். ஒவ்வொரு பெட்டியின் மூடிக்குள்ளும் சுற்றின் வரைபடத்தைத் தமிழில் ஒட்டி வையுங்கள், செய்தவர்களின் பெயர்களோடும் வருடத்தோடும். உங்களில் பொறியியலாளர்கள் பலர் இருக்கிறீர்கள். மாதம் ஒரு சனிக்கிழமை ஒரு மணித்தியாலம் காணொளியில் வந்து பிள்ளைகளோடு இருந்தால், ஒரு பெட்டி நிறையச் சாமான் அனுப்புவதைவிட அது பெரிது.

தொடக்கத்துக்கு நிறமானி ஒன்றே போதும். பத்துச் செய்வோம். முதல் ஒன்றைச் செய்து சோதித்த பிறகே மற்ற ஒன்பதுக்கும் சாமான் வாங்குவோம். அடுத்த வருடம் அவற்றைச் செய்த பிள்ளைகளே தங்களுக்குப் பின்வரும் வகுப்புக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். பச்சை எல்.ஈ.டி. இங்கேயே வாங்கலாம், கறுத்த மட்டை இங்கே உண்டு, கெட்டிக்காரப் பிள்ளைகளும் இங்கே இருக்கிறார்கள். நூறு வயதான சங்கம் அவர்களுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.